இருபது ஓவர் கிரிக்கெட்டை ரசிச்சுக்கிட்டே திட்டுறோமே, ஏன்?

ஐபிஎல் சீசன் வந்துட்டா ஒவ்வொரு வாட்ஸப் குரூப்லயும் ரெண்டு பேரைப் பார்க்கலாம்.

"இதெல்லாம் ஒரு கிரிக்கெட்டா? பௌலருக்கு மரியாதையே இல்ல" என்று ராத்திரி ஏழரை மணிக்கு புலம்புபவர் ஒருத்தர். பதினோரு மணிக்கு கடைசி ஓவரில் நகத்தைக் கடிச்சிக்கிட்டு இருப்பவர் இன்னொருத்தர்.

ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் மக்களே 😊 நானும் அந்த லிஸ்ட்டில் உண்டு.

இந்தப் புலம்பலுக்கு வயசு அதிகம். வாங்க, கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

1939. டர்பன். தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட். முடிவு தெரியும் வரை எத்தனை நாள் ஆனாலும் ஆடலாம் என்பது விதி. மார்ச் 3 அன்று தொடங்கி 14ஆம் தேதி வரை ஓடியது. 696 ரன் இலக்கு. இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்து, இன்னும் 42 ரன்தான் பாக்கி. அப்போது மழை. ஊருக்குத் திரும்ப கேப்டவுனில் கப்பல் பிடிக்க வேண்டும், அதற்கு ரயில் ஏற வேண்டும். மேட்ச் டிரா!

"பழைய கிரிக்கெட்தான் கிரிக்கெட்" என்று நாம் சொல்லும்போது இதையும் சேர்த்துதான் சொல்கிறோமா என்று யோசிக்கணும்.

1963இல் இங்கிலாந்து கவுண்டிகள் 65 ஓவர் போட்டி ஆரம்பித்தன. 1971 ஜனவரி 5 அன்று மெல்போர்னில் மழையில் கெட்டுப்போன டெஸ்ட்டுக்குப் பதிலாக ஆடியதுதான் முதல் சர்வதேச ஒருநாள் போட்டி. நம்மாட்கள் இதை எப்படி எடுத்துக்கிட்டாங்க? 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்து 334 எடுத்தது. பதிலுக்கு கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 நாட் அவுட். எவ்வளவு பெரிய பேட்ஸ்மேன்! அவரே கட்டை போட்டுக்கிட்டு நின்னார். எட்டு வருஷம் கழித்து 1983இல் அதே லார்ட்ஸில், அதே ஒருநாள் போட்டியில் கோப்பை தூக்கினோம். அதுக்கப்புறம் ஒருநாள் கிரிக்கெட் நமக்கு செல்லப்பிள்ளை.

1977இல் கெர்ரி பேக்கர் கலர் டிரஸ், ராத்திரி விளக்கு, வெள்ளைப் பந்து என்று இறங்கினார். "பைஜாமா கிரிக்கெட்" என்று கிண்டல். இன்னைக்கு அதைத்தான் நாம் "நல்ல பழைய ஒருநாள் கிரிக்கெட்" என்று ஏங்குகிறோம்.

டி20 பிறந்த கதைக்கு வருவோம். கவுண்டி மைதானங்கள் காலி. வேலைக்குப் போகிறவனால் பகல் முழுக்க உட்கார முடியாது. ஸ்டூவர்ட் ராபர்ட்சன் என்கிற மார்க்கெட்டிங் மேனேஜர், சாயங்காலம் மூன்று மணி நேரத்தில் முடியும் ஆட்டத்தை முன்வைத்தார். கவுண்டிகள் ஓட்டு போட்டன. 11க்கு 7 என்று ஜெயித்தது. நாலு ஓட்டு வித்தியாசம்தான்!

முதல் சர்வதேச டி20 ஆடியது பெண்கள். 2004 ஆகஸ்டில், இங்கிலாந்தும் நியூசிலாந்தும். ஆண்கள் ஆறு மாதம் கழித்துத்தான் ஆடினார்கள், அதுவும் விக், மீசை, பழைய காலத்து டிரஸ் போட்டுக்கிட்டு கூத்து மாதிரி. அந்தக் கூத்தில் பாண்டிங் 98 நாட் அவுட்.

நம்ம போர்டும் இதை சீரியஸா எடுத்துக்கல. 2006 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டி20. சச்சின் ஆடிய ஒரே சர்வதேச டி20 அதுதான். ஆட்ட நாயகன் நம்ம சென்னை தினேஷ் கார்த்திக்.

2007 மார்ச்சில் வெஸ்ட் இண்டீஸ் உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். அப்போது நான் ப்ளஸ் டூ. கிரிக்கெட் பேச்சையே எடுக்காதே என்று வீட்டில் தடை. அதே செப்டம்பரில் சச்சின், டிராவிட், கங்குலி இல்லாமல் தோனி தலைமையில் ஒரு டீம் தென்னாப்பிரிக்கா போனது. யுவராஜ் ஆறு சிக்ஸர். ஜோகிந்தர் பந்தில் மிஸ்பா தூக்கி அடித்தது ஸ்ரீசாந்த் கைக்குப் போனது. அஞ்சு ரன்னில் கோப்பை.

அந்த கேட்ச் விட்டிருந்தால் ஐபிஎல் இந்த வேகத்தில் வளர்ந்திருக்குமா? எனக்கு சந்தேகம்தான்.

2008 ஏப்ரல் 18, முதல் மேட்ச்சிலேயே மெக்கல்லம் 73 பந்தில் 158. ஐபிஎல்லின் 2023-27 ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது.

சரி, இவ்வளவு பிடிச்சும் ஏன் மனசு உறுத்துது?

எனக்கென்னவோ பிரச்சினை இருபது ஓவரில் இல்லை, காலண்டரில் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஒருநாள் கிரிக்கெட் வந்தபோதும் ஆடியது நாடுகள்தான். டெஸ்ட்டும் அதே போர்டு, அதே டீம். டி20 லீக்கில் முதலாளியே வேற. டிரென்ட் போல்ட் 2022இல் நியூசிலாந்து ஒப்பந்தத்தை விட்டு வந்தார். நிக்கோலஸ் பூரன் 29 வயசில் சர்வதேச கிரிக்கெட்டுக்கே டாட்டா காட்டினார். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரல. குடும்பம் இருக்கு, ஆடும் காலம் குறைவு.

டாக்டரா ஒரு விஷயம் சொல்லிடுறேன். டி20யில் ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு 4 ஓவர், 24 பந்து. டெஸ்ட்டில் ஒரே நாளில் 20 ஓவர் கூட விழும், 120 பந்து. ஒவ்வொரு பந்துக்கும் கீழ்முதுகு எலும்பு வளைந்து திரும்புகிறது. அதில் வரும் நுண்ணிய சேதத்தை உடம்பு தானே சரி செய்துகொள்ளும், நேரம் கொடுத்தால். கம்மியாகப் போட்டுப் பழகிய உடம்பில் திடீரென்று சுமையை ஏற்றினால் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வரும் வாய்ப்பு கூடுகிறது. பும்ராவுக்கு 2023இல் முதுகில் ஆபரேஷனே செய்ய வேண்டி வந்தது. "கோடி கோடியா வாங்குறான், ரெஸ்ட் எதுக்கு?" என்று கமெண்ட் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

மறுபக்கமும் உண்டு. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பால், டிஎன்பிஎல், ஐபிஎல், நெட் பௌலராக ஆஸ்திரேலியா. 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி, முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். இருபது ஓவர் இல்லாவிட்டால் அந்த யார்க்கரை யார் பார்த்திருப்பார்கள்?

1999இல் சேப்பாக்கத்தில் 12 ரன்னில் நாம் தோற்றபோது பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கைதட்டிய ஊர் நம்ம ஊர். நாலு நாள் உட்கார்ந்து பார்த்த கூட்டத்தின் கைதட்டல் அது. அதே சேப்பாக்கம்தான் இன்னைக்கு மஞ்சளாக விசில் அடிக்குது. ரெண்டும் நாமதான்.

இந்தியாவில் டெஸ்ட் சாகாது, காசு இருக்கு. பயம் மற்ற நாடுகளுக்குத்தான். 2024இல் தங்கள் டி20 லீக்குக்காக முக்கிய வீரர்களை ஊரில் வைத்துக்கொண்டு, ஒரு டெஸ்ட் கூட ஆடாத நீல் பிராண்டை கேப்டனாக்கி நியூசிலாந்துக்கு அனுப்பியது தென்னாப்பிரிக்கா. 2-0 என்று தோற்றது.

அதே தென்னாப்பிரிக்கா 2025 ஜூனில் லார்ட்ஸில் டெஸ்ட் சாம்பியன்! மார்க்ரம் 136. தொடைத் தசை பிடித்து நொண்டிக்கொண்டே 66 அடித்தார் பவுமா. கண் கலங்கிப் பார்த்தேன்.

சாம்பியனான அடுத்த சீசனில் அவர்கள் சொந்த மண்ணில் ஆடிய டெஸ்ட் எத்தனை தெரியுமா? பூஜ்யம். டெஸ்ட்டுக்கென்றே பேர் போன டிசம்பர் 26 அன்று அங்கே தொடங்கியது, அவங்க டி20 லீக்.