காசில் பதிந்த தலை



காசு கைக்கு வந்தால் எண்ணிப் பார்க்கிறோம். அதில் யார் தலை என்று பார்க்கிறோமா?

1939-ஆம் ஆண்டு மலாயாப் பத்துக் காசில் மகுடம் சூடிய ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கும். பெர்சி மெட்காஃப் என்ற சிற்பியின் நுணுக்கமான கைவேலை அது. அழகுக்காக மட்டுமா செய்தார்கள்? தலையைச் சுற்றி ‘மன்னர், இந்தியாவின் சக்கரவர்த்தி’ என்று ஆங்கில எழுத்து. மலாயாக் காசில் இந்தியா எதற்கு? சுங்கைப் பட்டாணித் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மார், விட்டு வந்த ஊருக்கும் வந்து சேர்ந்த ஊருக்கும் ஒரே ராஜா என்ற செய்தியைச் சம்பளத்தோடு வாங்கிப் போனார்கள்.

1941-இல் ஜப்பான்காரன் வந்தான். அவன் அடித்த 10 வெள்ளி நோட்டில் மன்னர் முகம் இல்லை, வாழைமரம் இருந்தது. 1945-இல் அது செல்லாக் காகிதம்.

1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. 1948-ஆம் ஆண்டுப் பத்துக் காசிலும் அதே மன்னர்தான். ஆனால் ‘இந்தியாவின் சக்கரவர்த்தி’யைக் காணோம்!

1957-இல் நமக்கும் மெர்டேக்கா. 1967-இல் வந்த மலேசியக் காசில் நாடாளுமன்றக் கட்டடம். நோட்டில் நம் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான்.

பிள்ளைகளே, வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய காசு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள எழுத்தை வாசியுங்கள். பாட்டன்மார் பலர் கையில் வாங்கியும் வாசிக்க முடியாமல் போன வரலாறு அது.