ஆறடி எட்டு அங்குலம்

ஒலிம்பிக்கில் இலங்கை இதுவரை பெற்றவை இரண்டே பதக்கங்கள். 1948இல் லண்டனில் டங்கன் வைட் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வென்ற வெள்ளி ஒன்று. 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீட்டர் ஓட்டத்தில் பெற்ற வெண்கலம் மற்றொன்று. முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்தபின், 2009இல் அவ்வெண்கலம் வெள்ளியாயிற்று. இவ்விரண்டைப் பற்றியும் நிறையவே எழுதியாகிவிட்டது. நான் எழுத நினைப்பது இடையில், ஆசிய விளையாட்டில் கிடைத்த ஒரு தங்கத்தைப் பற்றி. ஆயினும் லண்டனிலிருந்து தொடங்குவதே முறை.

வைட் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை பெற்ற நாட்டுக்காக, ஆறு மாதம் நிறைவதற்குள், ஜூலை 31 அன்று அவர் ஓடினார். அமெரிக்கரான ராய் காக்ரன் 51.1 விநாடி, வைட் 51.8. நாட்டின் முதல் ஒலிம்பிக்கிலேயே பதக்கம். அடுத்த மாதம் கொழும்பு நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. மலையகத் தோட்டங்களில் தேயிலை கொய்த ஏறத்தாழ ஏழு லட்சம் தமிழர் நாடற்றோராயினர். ஏற்காட்டுக்கு அருகே வாழவந்தியில் காப்பித் தோட்டங்களின் நடுவே குடியிருப்பதாலோ என்னவோ, இலங்கை வரலாற்றைப் படிக்கையில் என் கண் முதலில் தோட்டத் தொழிலாளர் பக்கமே போகிறது. கங்காணிகள் அந்நாட்டுக்கு ஆள் சேர்த்துச் சென்ற மாவட்டங்களில் எங்கள் சேலமும் ஒன்றல்லவா! வைட்டின் பதக்கத்தைத் தம் நாட்டுப் பதக்கம் என்று அம்மக்கள் கொண்டாடியிருந்தால், அவ்வுரிமை சில வாரங்களே நிலைத்திருக்கும்.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் பங்கேற்றபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறையவில்லை. 1956இல் மெல்போர்ன். இரண்டிலும் பதக்கமில்லை. பின்னர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கிருந்த காலத்தில்தான் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு வந்தது. 2.03 மீட்டர், அதாவது ஆறடி எட்டு அங்குலம் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான்.

அந்தப் போட்டிகள் நடந்த நாட்களைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். மே 24 முதல் ஜூன் 1 வரை. இலங்கையை ஓரளவு அறிந்தவர்களுக்கு 1958 மே என்றதுமே மனம் திடுக்கிடும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. மே மாதக் கடைசி வாரங்களில் தமிழர்மீது நாடெங்கும் வன்முறை பரவியது. மே 27 அன்று நெருகடி நிலை அறிவிக்கப்பட்டது. செய்தித் தணிக்கையும் வந்தது. அந்நாட்களைப் பதிவுசெய்த டார்ஸி விட்டாச்சியின் நூல் லண்டனில்தான் வெளிவர முடிந்தது. இலங்கையில் அதற்குத் தடை.

ஆக, டோக்கியோவில் ஒரு தமிழ் இளைஞரின் தாண்டலுக்காகச் சிங்கக் கொடி உயர்ந்த அந்த வாரத்தில், தென்னிலங்கையில் தமிழ்க் குடும்பங்கள் அகதிகளாகி, கப்பல்களில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன. இதைத் தற்செயல் என்று கடந்துவிடலாம். என்னால் இயலவில்லை. வென்றவனை நாட்டின் மகன் என்று வாழ்த்துவதற்கு எந்த நாடும் தயங்குவதில்லை. அவன் அண்டை வீட்டுக்காரனுக்கு அதே உரிமையை அளிக்கும்போதுதான் நாவு குழறுகிறது.

எதிர்வீரசிங்கம் 1962 ஜகார்த்தாவிலும் இலங்கைக்காகத் தாண்டி வெள்ளி வென்றார். அதன்பின் அவர் வாழ்க்கை கல்வித் துறையில் கழிந்தது: கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், சியரா லியோன், நைஜீரியா, பாப்புவா நியூகினி என்று வெளிநாட்டுப் பணிகள். முதுமையில் வடக்கு, கிழக்குப் பள்ளிகளின் கல்வி வளர்ச்சிக்காகத் திரும்பத் திரும்ப இலங்கைக்கு வந்துபோனார். வைட்டும் நாட்டைவிட்டுச் சென்று 1998இல் இங்கிலாந்தில் காலமானார். பறங்கியர் பெரும்பாலோர் அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியிருந்தனர்.

1958 போட்டிக்காகக் கட்டப்பட்ட டோக்கியோ தேசிய அரங்கை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிய அரங்கை எழுப்பினார்கள். அங்கே 2021இல் நடந்த மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீட்டர் ஈட்டி எறிந்து, உலக சாதனையுடன் இலங்கைக்கு அப்போட்டிகளில் முதல் தங்கத்தைப் பெற்றுத்தந்தார். அவர் வன்னிப் போர்க்களத்தில் கையில் குண்டடிபட்ட படைவீரர். அப்போது எதிர்வீரசிங்கத்துக்கு எண்பத்தேழு வயது. 2024இல் அவர் காலமானார்.