கான்ஹேரிக் குகைகளில் ஏழு நாள்

கழுகுமலையின் வெட்டுவான் கோவிலைக் காணாதவர் கோவில்பட்டி வட்டாரத்தில் குறைவு. பாண்டியர் காலச் சிற்பிகள் 8ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய கோவில் அது. பாறையைக் குடையும் அக்கலையின் இன்னும் பழைய களமொன்று மும்பையின் வட பகுதியில் உள்ளது. தாராவியில் உறவினரைக் காணச் செல்லும் நம் மக்கள் பாந்திராவின் மரியன்னை மலைக்குத் தவறாது செல்வர். போரிவிலியை அடுத்த கான்ஹேரியை நாடுவோர் மிகச் சிலரே.

கான்ஹேரிப் பாறை எரிமலை ஈந்தது. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய தீக்குழம்பு இறுகி உண்டானது. (நம் கரிசலும் அக்குழம்பின் பிள்ளையே என்பார் உளர். மராட்டியக் கரிசலுக்கு அது பொருந்தும். நம் மண் இவ்விடத்துப் பழம்பாறைகள் சிதைந்து பிறந்தது.) பௌத்தத் துறவியர் அங்கே கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைக் குடைந்தனர்.

1534இல் அப்பகுதி போர்த்துக்கீசியர் கைக்கு வந்தது. பிரான்சிஸ்கன் சபையின் அருட்தந்தை அந்தோனியோ தோ போர்த்தோ, கான்ஹேரிக் குகையொன்றைத் தூய மிக்கேல் ஆலயமாக்கினார். அவர் குகைகளின் முடிவைக் காணப் புறப்பட்ட கதையைக் கோவாவின் வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ எழுதிவைத்துள்ளார். உடன் மற்றொரு குரு, ஆயுதம் தாங்கிய இருபது பேர், எட்டு நாளுக்கு அரிசியும் தண்ணீரும் ரொட்டியும் சுமந்த பணியாளர்கள், தீவட்டிகள். வாயிலில் ஒரு கல்லில் கயிற்றைக் கட்டி, வழிநெடுக அதை விட்டுக்கொண்டே நடந்தார்களாம். இருபுறமும் சிற்றறைகள், அறைதோறும் நீர்த்தொட்டி. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றே தெரியவில்லை, திசைகாட்டியும் இல்லை. ஏழு நாள் சென்றும் முடிவு காணாமல், உணவு குறையவே திரும்பினர்.

இதை அப்படியே நம்புவதற்கில்லை. அங்குள்ள பெரிய வழிபாட்டு மண்டபமே ஏறத்தாழ 86 அடி நீளந்தான். செவிவழி வந்ததைக் கோத்தோ எழுதினார் என்றே கொள்ள வேண்டும். ஆயினும் அந்த நீர்த்தொட்டிகள் மெய். மலைமீது விழும் மழையை வாய்க்கால் வெட்டித் தொட்டிகளில் சேர்த்துள்ளனர். ஊருணியை நம்பி வாழ்ந்த நமக்கு அதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ! கலியாண் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் தொட்டி வெட்டிக் கொடுத்த செய்தி அங்கே கல்லில் உள்ளது. சுவரெங்கும் இவ்வாறு கொடையாளர் பெயர்கள் இருந்தும் குருக்களால் படிக்க இயலவில்லை. பிராமி எழுத்தைப் பிரின்செப் வாசித்தறிந்தது 1837இல்தான்.

போரிவிலியிலேயே மண்டபேசுவரம் என்னும் சைவக் குகையும் உண்டு. 6ஆம் நூற்றாண்டினது, ஆடும் சிவனின் சிற்பம் கொண்டது. அதையும் நம் துறவியர் ஆலயமாக்கினர். புடைப்புச் சிற்பம் இருந்த சுவரொன்றில் பெரிய சிலுவையைச் செதுக்கினர். 1739இல் மராட்டியர் அப்பகுதியை வென்றனர். இன்று அங்கே சிவலிங்கம் வழிபடப்படுகிறது. தொல்லியல் துறை குகையைப் பேணுகிறது.

மறைபரப்பு வரலாற்றை எழுதிய நம்மவர் சிலர் இத்தகைய மாற்றங்களை வெற்றிகளாகவே எண்ணினர். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்த பின், அந்தச் சிலுவையின்முன் நாம் பெருமிதத்தோடு நிற்க முடியாது. சிதைந்த சிற்பமும் ஒருவர் வழிபாட்டின் பகுதியாய் இருந்ததே.

குழுவாக மும்பை செல்வோர், வழிகாட்டி கான்ஹேரியோடு முடித்துவிட்டால் மண்டபேசுவரத்தையும் காட்டும்படி கேளுங்கள். கான்ஹேரி தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் திங்கட்கிழமைகளில் வாயில் திறப்பதில்லை.