‘தலையிடோம்’ – பிள்ளையைக் காணும் உரிமையும் ஆங்கில மேன்முறையீட்டு மன்றுகளும்

பெற்றோர் பிரிந்தபின் பிள்ளை யாரிடம் வாழ்வது, மற்றவர் அதனை எப்போது காண்பது என்பன நீதிமன்றின் முன் வரும் வினாக்களுள் மிகக் கடினமானவை. கட்டளையை ஏற்கவியலாதவர் மேன்மன்றை நாடுவர். அங்கு பெரும்பாலும் கிடைப்பது ‘நாம் தலையிடோம்’ என்னும் விடையே. இங்கிலாந்தில் 1883இலும் 1985இலும் இவ்விடை கூறப்பட்டது. விடை ஒன்றாயினும் அதன் பொருள் ஒன்றன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலப் பொதுச் சட்டம், திருமணத்திற் பிறந்த பிள்ளைகள் மீதான அதிகாரத்தைத் தந்தைக்கே அளித்திருந்தது. 1836இல் கணவரைப் பிரிந்த எழுத்தாளர் கரோலின் நோர்ட்டன், தம் புதல்வர் மூவரையும் காணவியலாது தவித்தார். தம் துயரைப் பொதுவழக்காக்கி அவர் எழுதிய பிரசுரங்கள் 1839ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலின. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கட்டுக்காப்பையும், வளர்ந்த பிள்ளைகளைக் காணும் வாய்ப்பையும் சான்சரி மன்றிடம் கோரத் தாய்க்கு அது இடமளித்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுக்காப்புக்கான வயதெல்லையைப் பதினாறாக உயர்த்தியது. எனினும், தந்தையுரிமையே விதியாகவும் தாயுரிமை விலக்காகவும் நீடித்தன.

இந்நிலையின் உச்சத்தை ஏகர்-எல்லிஸ் வழக்கிற் காணலாம். தந்தை புரட்டஸ்தாந்தர், தாய் கத்தோலிக்கர். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் திருமணத்தின் முன் தந்தை வாக்களித்துப் பின்னர் மறுத்தார். அவ்வாக்கு அவரைக் கட்டுப்படுத்தாதென 1878இல் மன்று தீர்த்தது. பின்னர் அவர் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வேற்றாரிடம் ஒப்படைத்தார். தாய் மாதம் ஒரு முறையே மகளைக் காணலாம். கடிதங்களும் தந்தையின் பார்வைக்கு உட்பட்டே செல்லும். பதினாறு வயதான மகள், விடுமுறையைத் தாயுடன் கழிக்க அனுமதி வேண்டினாள். முதல் மன்று மறுத்தது. 1883இல் மேன்முறையீட்டு மன்றும் மறுத்தது. தந்தை பெருந்தவறு இழைத்தாலன்றி அவரது இயற்கை அதிகாரத்துள் மன்று புகலாகாது என்பதே அதன் நியாயம். அம்மகளுக்கு எது நன்மை என்பது தந்தை தீர்மானிக்க வேண்டியதாகவே விடப்பட்டது.

மாற்றம் சட்டவாக்கத்தின் வழியே வந்தது. பிள்ளையின் நலனையும் தந்தையின் விருப்பத்தோடு தாயின் விருப்பத்தையும் கருத்திற்கொண்டு கட்டளையிட 1886ஆம் ஆண்டுச் சட்டம் மன்றுக்கு அதிகாரமளித்தது. பிள்ளையின் நலனே முதன்மையானதும் தலையாயதுமென 1925ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1883ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட வேண்டுமென 1969இல் டெனிங் பிரபு வெளிப்படையாகக் கூறினார்.

1985இல் ‘ஜீ எதிர் ஜீ’ என்னும் கட்டுக்காப்பு வழக்கில் பிரபுக்கள் சபை மீண்டும் தலையிட மறுத்தது. இம்முறை காரணம் வேறு. இத்தகைய வழக்குகளில் நியாயமான தீர்வுகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருத்தல் கூடும். பெற்றோரை நேரிற் கண்டு கேட்டவர் விசாரணை நீதிபதியே. வழக்கு நீளுந்தோறும் பிள்ளையின் மனவமைதி குலையும். ஆதலின், நீதிபதி தம் தற்றுணிபின் பரந்த எல்லையைக் கடந்தாலன்றி, தாம் வேறு முடிவுக்கு வந்திருப்போம் என்பதற்காக மேன்மன்று கட்டளையை மாற்றலாகாது என்றார் பிறேசர் பிரபு.

முன்னைய மன்று தந்தையின் அதிகாரத்துக்குப் பணிந்தது. பின்னைய மன்று, பிள்ளையின் நலனை ஆராய்ந்த நீதிபதியின் மதிப்பீட்டுக்கு இடங்கொடுத்தது. முன்னையதில் எழுப்பப்படாத வினா, பின்னையதில் எழுப்பப்பட்டு விடை பெற்றிருந்தது. எனினும், பின்னைய நெறியும் விலையற்றதன்று. மற்றொரு நீதிபதி தமக்குச் சார்பாகத் தீர்த்திருக்கலாமென அறிந்தும், வெறுங்கையோடு திரும்பும் பெற்றோர் உளர். மேன்முறையீடு அவர்தம் துயர் அனைத்துக்கும் மருந்தாகாது. கீழ்மன்று உரிய வினாவை எழுப்பிற்றா என்று சோதிப்பதே அதன் பணி. அச்சோதனை அன்று இருந்திருப்பின், ஒரு விடுமுறைக் காலத்தையேனும் அம்மகள் தாயோடு கழித்திருக்கக்கூடும்.