மண்டை என்னும் மட்கலம்

உடற்கூறியல் வகுப்பில் மண்டையோட்டின் மேற்பகுதியை வட்டமாக அறுத்து, மூடிபோல் கழற்றும்படி வைத்திருப்பார்கள். அந்த மூடியை எடுத்து மல்லாக்க வைத்தால் அது ஒரு கிண்ணம். உட்சுவரில் வேர்விட்டதுபோலப் பள்ளங்கள் ஓடும். மூளையுறைத் தமனி பதிந்திருந்த தடம் அது. அறுத்த விளிம்பைப் பார்த்தால் வெளியே கெட்டியான ஏடு, உள்ளேயும் அப்படியோர் ஏடு, நடுவில் பஞ்சுபோன்ற எலும்பு. சரியாக வேகாத பானை உடைந்தாலும் ஓட்டின் நடுவில் இப்படித்தான் வேறு நிறம் தெரியும்.

இந்த ஒற்றுமையைத் தமிழ் தன் சொல்லிலேயே வைத்திருக்கிறது. சங்கப் பாடல்களில் மண்டை என்பது பாணர் கையில் ஏந்திய கலம். பறம்பு மலையைப் பாடும் கபிலர், பாணரின் மண்டைகள் நிறைய வார்த்த தேறல் வழிந்து, கல்லை உருட்டிக்கொண்டு ஓடியதாகச் சொல்கிறார். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையில் அந்தச் சொல் இன்னும் ஆழமாக இறங்குகிறது. அவன் மார்பில் தைத்த வேல் பாணரின் அகன்ற மண்டையையும் துளைத்துவிட்டது என்கிறார். இன்றைய காதுக்கு அது தலை துளைபட்டதாகவே கேட்கும். ஆனால் ஓட்டையானது உண்கலம். வள்ளல் போனபின் அதில் இனி எதுவும் தங்காது. இந்தப் பழைய பொருள் தெரியாவிட்டால் அந்தப் பாட்டின் பாதித் துயரம் நம்மை வந்து சேராது.

பேச்சில் இன்று மண்டை தலையேதான். கன்னடத்தில் மண்டெ, மலையாளத்தில் மண்ட. பனையின் உச்சியையும் மண்டை என்கிறோம்.

அதோடு சேர்ந்த 'ஓடு' உடைந்த பானைத் துண்டுக்கும், கூரை வேய்வதற்கும், ஆமையின் முதுகுக்கும், துறவியின் திருவோட்டுக்கும் பொது. ஆக மண்டையோடு என்னும்போது இரண்டு கலச்சொற்களைச் சேர்த்துச் சொல்கிறோம். லத்தீனில் மட்கலத்தையும் ஓட்டையும் குறித்த 'டெஸ்டா'தான் பிரெஞ்சில் தலைக்குப் பெயரான 'தெத்' ஆனது. ஜெர்மானியர் தலையைக் குறிக்கும் 'கோப்ஃப்', நாம் தேநீர் குடிக்கும் 'கப்'புக்கு உறவு.

வடமொழிக் கபாலமும் இதே வழிதான். வேத வேள்வியில் புரோடாசம் என்னும் அப்பத்தைச் சுடுவதற்கு அடுக்கும் ஓட்டுத் துண்டுகளுக்குக் கபாலங்கள் என்று பெயர். அக்கினிக்கு உரிய அப்பத்துக்கு எட்டுக் கபாலங்கள். மூளையைப் பொதிந்திருக்கும் எலும்புகளும் எட்டு. இது தற்செயல்தான் என்றாலும், துண்டுகளைச் சேர்த்த கலம் என்பது பொருத்தமான படிமம்.

பிறந்த குழந்தையிடம் அதை விரலால் தொட்டே அறியலாம். அதன் தலையில் ஓடுகள் இன்னும் ஒட்டியிருக்காது, இடையில் சவ்வுதான். உச்சிக்குழி மூடிக்கொள்ள ஏறக்குறைய 18 மாதம் ஆகும். அதுவரை எண்ணெய் வைக்கும் பாட்டியின் கை, நெற்றியிலிருந்து மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் அழுத்தம் குறைந்து மெல்ல நகரும். உள்ளே துடிப்பது தெரியும்.