கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் நோய்நீக்க நம்பிக்கையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

கொழும்பு கொட்டாஞ்சேனைப் பகுதியிலே, துறைமுகத்தை அண்டி நிற்கும் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திற்குச் செவ்வாய்க்கிழமைகளில் வருவோருள் கத்தோலிக்கரல்லாதார் கணிசமானோர். சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் மெழுகுவர்த்தி ஏற்றி, நோய் தீரவும் தொழில் கிடைக்கவும் வேண்டி நிற்பர். ஞானஸ்நானம் பெற்றவரா என்று எவரும் வினவுவதில்லை. இந்நெகிழ்ச்சியைச் சமய நல்லிணக்கம் எனப் பாராட்டி அமைவோர் பலர். மூடநம்பிக்கை எனத் தள்ளுவோர் சிலர். இரண்டும் எமக்கு உடன்பாடன்று. இது எத்தகைய சமூக நிலைமைகளிலே தோன்றியது, எவ்விடத்தில் தன் எல்லையைக் கண்டது என்பனவே இங்கு எம் வினாக்கள்.

1658இல் போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளித்தலை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கினர். சீர்திருத்தத் திருச்சபையே அரசின் சபையாயிற்று. ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. சொத்துரிமையும் உத்தியோகமும் அப்பதிவோடு பிணைக்கப்பட்டன. சமயம் நில ஆவணத்தின் துணை ஆவணமாயிற்று எனில் மிகையன்று. பிரித்தானியர் ஆட்சியில் அக்கட்டாயம் நீங்கியதும் இப்பதிவுக் கிறிஸ்தவருட் பெரும்பாலோர் விரைவிலேயே விலகிப்போயினர்.

சட்டத்திற்குப் புறம்பாக்கப்பட்ட கத்தோலிக்கமோ வேறுவழியிற் சென்றது. 1687இல் கூலியாளின் கோலத்தில் வந்திறங்கிய கோவைக் குரு யோசவ் வாஸ் அடிகள் யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து பணியாற்றினார்; பின்னர் கண்டி இராச்சியம் புகுந்தார். 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது அரசனும் பிரபுக்களும் நகரை நீங்கினர். உறவினராற் கைவிடப்பட்டோரைச் சமயம் பாராது கழுவி, உணவூட்டி, இறந்தோரைப் புதைத்தவர்கள் வாஸ் அடிகளும் அவருடைய துணைக் குருவுமே. ஆன்மிக நோய்நீக்கம் எனப் பிற்காலத்திற் போற்றப்பட்டதன் அடியில் இவ்வுடலுழைப்பு இருந்தமையை, அடிகளாரின் சரிதங்கள் அற்புதங்களின் பெருக்கால் மறைத்துவிடுகின்றன.

கொச்சிக்கடையின் தோற்றம் பற்றிய மரபுக்கதையும் இவ்வகையில் நோக்கத்தக்கது. ஒல்லாந்தருக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவானவர், கடலரிப்பால் இடர்ப்பட்ட மீனவர் வேண்ட, கரையிலே சிலுவை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது, அதிகாரிகளும் அவருக்கு இடம் அளித்தனர் என்பது கதை. கடல் பின்வாங்கியதிலும் பார்க்க, அரசாணை பின்வாங்கியதே எமக்குச் சுவையான செய்தி. மீனவரின் தேவைக்கு முன்னே சட்டம் பணிவதாக அம்மக்கள் கற்பித்துக்கொண்டனர். 1822இல் கோவாவிலிருந்து அந்தோனியார் திருவுருவம் கொணரப்பட்டது. 1834இல் ஆலயம் அபிஷேகிக்கப்பட்டது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதாங்கியோடு துறைமுகம் விரிய, மூடை சுமக்கும் நாட்டாமைகளும் கரத்தை இழுப்போரும் நாட்கூலிகளும் அயலில் நிறைந்தனர். ஒருநாள் நோய் ஒருநாட் பட்டினியான அவர்களுக்கு, பிரமாணம் கேளாத புனிதர் ஒருவர் வேண்டியிருந்தார்.

ஆயினும் நோய்ப்படுக்கையில் கரைந்த எல்லை தெருவிற் கரையவில்லை. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் கொட்டாஞ்சேனை விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினர். குடியேற்ற ஆட்சியின்கீழ் பாடசாலைக்கும் பதவிக்கும் வீதியுரிமைக்குமாகச் சமூகங்கள் போட்டியிட்ட காலம் அது. பிணி தனியொருவனை ஆலயத்திற்கு அனுப்பியது. போட்டியோ அவனைச் சமூகத்தின் பெயரால் அணிதிரட்டியது.

2019 ஏப்ரல் 21, மற்றோர் உயிர்த்த ஞாயிறன்று, தற்கொலைக் குண்டு இவ்வாலயத்தினுள்ளேயே வெடித்தது. யூன் 12இல் ஆலயம் மீளத் திறக்கப்பட்டது.