இடம் மாறுவோருக்காக எழுதிய எண்கள்

2020 மே 4 அன்று நைஜீரியாவின் தேசியப் புள்ளியியல் பணியகம் நாட்டின் வறுமைக் கணக்கை வெளியிட்டது. போர்னோ மாநிலம் நீங்கலாக, நூற்றுக்கு 40.1 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. வீடு வீடாகப் போய் எடுத்த நல்ல கணக்குதான். ஆனால் எடுத்தது 2018-19இல். அது வெளிவந்த அதே நாளில்தான் லாகோஸ், ஒகுன், தலைநகர் அபுஜா மூன்றிலும் மார்ச் 30இல் தொடங்கிய கொரோனா முடக்கம் மெல்லத் தளர ஆரம்பித்தது. ஐந்து வாரம் கடையைத் திறக்காதவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று அந்தக் கணக்கு எப்படிச் சொல்லும்?

போய்ப் பார்க்கவும் வழியில்லை. கணக்கெடுப்பவரே தொற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

கை கொடுத்தது வேறொரு கணக்கெடுப்பு. 2010 முதல் இதே பணியகம் உலக வங்கியின் துணையோடு சுமார் 5,000 வீடுகளுக்குச் சில ஆண்டுகளுக்கொரு முறை திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. இப்படித் தொடர்கிற கணக்குக்குப் பெரிய தலைவலி, மக்கள் வீடு மாறிப் போய்விடுவது. அதனால் வீட்டாரின் செல்போன் எண்ணோடு, அவர்களைத் தெரிந்த வெளியாள் ஒருவரின் எண்ணையும் குறித்துவைப்பார்கள். பெருந்தொற்றை நினைத்து யாரும் அதை எழுதவில்லை. 2018-19 சுற்றில் வந்த 4,976 வீடுகளில் 4,934க்கு ஒரு எண்ணாவது கையில் இருந்தது.

அதிலிருந்து 3,000 வீடுகளைத் தேர்ந்து, ஏப்ரல் 20இல் அழைக்கத் தொடங்கினார்கள். கணக்கெடுப்பவர்கள் தங்கள் வீடுகளில் இருந்தபடியே பேசினார்கள். மே 11க்குள் 1,950 வீடுகளில் முழுப் பேட்டி கிடைத்தது. எத்தியோப்பியாவில் இதே வேலை இரண்டு நாள் கழித்துத் தொடங்கியது. மலாவியும் உகாண்டாவும் அடுத்தடுத்து வந்தன. 2014இல் எபோலா பரவியபோதே லைபீரியாவிலும் சியரா லியோனிலும் போனில் கேட்டுப் பார்த்த அனுபவம் இருந்தது.

போனில் கேட்பதற்கு எல்லை உண்டு. நேரில் உட்கார்ந்தால் அரிசி, வள்ளிக்கிழங்கு, எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வீட்டுச் செலவைக் கூட்டிவிடலாம். போனில் அத்தனையும் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிடுவார். ஆகவே வருமானம் எத்தனை நைரா என்பதற்குப் பதில், கூடியதா, குறைந்ததா, அப்படியேதானா என்று கேட்டார்கள். மார்ச் நடுவிலிருந்து வருமானம் குறைந்ததாக நூற்றுக்கு 79 வீடுகள் சொல்லின. தொற்றுக்கு முன் வேலையில் இருந்தவர்களில் 42 சதவீதத்தினர் அதன் காரணமாக வேலையின்றி இருந்தார்கள். எவ்வளவு குறைந்தது என்று இதில் தெரியாது. ஆனால் அடி விழுந்த சில வாரங்களுக்குள் கிடைத்த விடை இது. நிவாரணத்தைத் திட்டமிடுபவருக்கு இரண்டு வருடம் கழித்து வரும் துல்லியமான நைராக் கணக்கைவிட இதுவே மேல் என்பேன்.

செல்போன் இல்லாத ஏழை விடுபட்டுப் போவானே என்ற கேள்வி நியாயமானது. ஏதோ ஒரு எண்ணை எடுத்துக் கூப்பிட்டிருந்தால் அதற்குப் பதிலே இருந்திருக்காது. இங்கே போனை எடுக்காத வீட்டைப் பற்றியும் பழைய கணக்கில் நிறையத் தெரியும்: எத்தனை பேர், என்ன படிப்பு, என்னென்ன பொருள்கள். அதுபோன்ற வீடுகளில் பதில் சொன்னவற்றுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சாய்வை ஓரளவு நிமிர்த்தினார்கள். முழுக்க நிமிராது. பேசியவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்பதால், அந்த வீட்டுப் பெண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது பல இடங்களில் தெரியாமலே போயிற்று.

2021 ஏப்ரல் வரை மாதாமாதம் பன்னிரண்டு சுற்று நடந்தது. அந்த ஆண்டின் கடைசியில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் கணக்கெடுப்பின் பெயரில் கொரோனா இல்லை. அழைப்புகள் மட்டும் தொடர்ந்தன.